வாவிக்கு அந்தப் பக்கம்: படுவான்கரைப் பள்ளிக்கூடங்களைப் பார்க்கப் போன வாரம்

2025 பெப்ரவரி 16, ஞாயிறு – மட்டக்களப்பு நகரம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் நகரத்துக் கடைகள் பாதிக்கு மேல் பூட்டித்தான் கிடந்தன, ஆனால் ரியூசன் நடக்கும் ஒழுங்கைகளில் கால் வைக்க இடமில்லை. இரண்டு பக்கமும் சைக்கிள்கள், மோட்டார் சைக்கிள்கள், மதிலோரம் நின்றுகொண்டே பணிஸ் சாப்பிடும் பிள்ளைகள். எனக்குச் சொந்த ஊர் களுவாஞ்சிக்குடி, வேலை கொழும்பில். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் கணிதம் படிப்பிக்கும் என் சிநேகிதி "ஒருக்கா வந்து பாரடி, நான் வாயால சொன்னா விளங்காது" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். லீவு கிடைத்தது, வந்துவிட்டேன்.

ஒரு வாகை மரத்தடியில் மோட்டார் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒரு ஐயா உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறிவிட்டது, நான் நிழலுக்கு ஒதுங்கியதும் தான் இருந்த கல்லை விட்டு எழுந்து "இரிங்க மகள்" என்றார். வேண்டாம் என்றாலும் விடவில்லை. பையிலிருந்து அவித்த சோளன் ஒன்றை எடுத்து உடைத்துப் பாதியை நீட்டினார். ஊர் உன்னிச்சைப் பக்கம். மகள் உயர்தரத்தில் (12, 13ஆம் வகுப்பு) உயிரியல் படிக்கிறாள், கிழமை நாட்களில் நகரத்தில் சின்னம்மா வீட்டில் நின்று பள்ளிக்கூடம் போகிறாள், சனி ஞாயிறு ரியூசன். சனிக்கிழமை இரவு அவள் வீட்டுக்கு வந்தால், ஞாயிறு விடியமுதல் யானை பார்த்து, பனி பார்த்து இவர்தான் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். வகுப்பு முடியும்வரை அந்த மரத்தடிதான்.

"எங்கட பக்கத்துப் பள்ளிக்கூடத்தில கலைப்பிரிவு மட்டும்தான் இரிக்கி. இவ டொக்டராகோணும் எண்டு நிக்கிறா. நான் வேணாமெண்டு சொல்லவா?" என்று கேட்டார். பெட்ரோல் லீற்றர் 309 ரூபா. மூன்று பாடத்துக்கும் தனித்தனி ரியூசன் காசு. இந்த மாதம் 5ஆம் திகதி அரசாங்கம் நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபா என்று விலை அறிவித்தது, ஆனால் வயலடிக்கு லொறியோடு வரும் வியாபாரி ஈரம் என்று சொல்லி அதற்குக் கீழேதான் கேட்கிறானாம். கார்த்திகை வெள்ளத்தில் ஒரு பகுதி வேளாண்மை அழிந்துபோய் மிஞ்சியதை வெட்டிக்கொண்டிருக்கும் மனிதர். இலவசக் கல்வி இருக்கும் நாட்டில் ஒரு பிள்ளை விஞ்ஞானம் படிக்க ஒரு குடும்பம் இவ்வளவு செலவழிக்கிறது. 1945 ஒக்டோபர் 1ஆம் திகதி தொடங்கிய இலவசக் கல்வியைப் பற்றிப் பேச்சுப்போட்டியில் நான் மூச்சு விடாமல் பேசியிருக்கிறேன், அதைக் கொண்டுவந்த கல்வி அமைச்சர் கன்னங்கராவின் பெயரைச் சொல்லிக் கைதட்டும் வாங்கியிருக்கிறேன். இந்த ஐயாவின் கணக்கு அப்போது எனக்குத் தெரியாது.

பின்னேரம் நகரத்தைச் சுற்றி நடந்தேன். மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814, வின்சென்ட் மகளிர் 1820, புனித மிக்கேல் 1873, பாலம் தாண்டிக் கல்லடி உப்போடையில் விபுலானந்த அடிகள் தொடக்கிய சிவானந்தா 1929. இலங்கையில் இவ்வளவு பழைய பள்ளிக்கூடங்கள் ஒரே நகரத்தில் அமைந்த இடங்கள் குறைவு. எல்லாம் வாவியின் இந்தப் பக்கத்தில்.

இரவு கல்லடியில் சிநேகிதி வீட்டில் புட்டு, இறால் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி. அவளின் அம்மா தேங்காய் 200 ரூபா விற்கும் நாளில் எனக்காக முழுத் தேங்காய் துருவியிருந்தார். காற்றே இல்லை, நுளம்பு தின்றது.

2025 பெப்ரவரி 17, திங்கள் – மண்முனைப் பாலம், கொக்கட்டிச்சோலைப் பக்கம்

காலை ஆறு மணி தாண்டியதும் அவளின் ஸ்கூட்டியில் ஏறிவிட்டேன். ஆரையம்பதி தாண்டி மண்முனைப் பாலத்துக்கு வரும்போது வாவிமேல் பனி, தோணிக்காரர்களின் தலை மட்டும் தெரிகிறது. இந்தப் பாலம் ஜப்பான் உதவியோடு 2014இல் திறந்தது. அதற்கு முன்பு இந்த இடத்தில் பாதைதான் (ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி வாவி கடக்கும் மிதவையை இங்கே அப்படித்தான் சொல்வோம்), எஞ்சின் பழுதானால் அன்றைக்குப் பள்ளிக்கூடம் ஒன்பது மணிக்குத்தான் தொடங்கும் என்று அந்தக் காலத்தில் படிப்பித்தவர்கள் சொல்லுவார்கள்.

பாலத்தில் அவள் வேகத்தைக் குறைத்து, "இப்ப ரெண்டு பக்கமும் பார்" என்றாள். மேற்கே போவது முழுக்க ஆசிரியர்கள். ஹெல்மெட்டுக்குக் கீழே சாறி, முன்னால் சாப்பாட்டுப் பை, வரிசையாக மோட்டார் சைக்கிள்கள். எதிரே கிழக்கு நோக்கி வருவது வான்களும் ஓட்டோக்களும், உள்ளே படுவான்கரைப் பிள்ளைகள், நகரத்துப் பள்ளிக்கூடங்களின் ரையோடு. படிப்பிக்கிறவர்கள் இங்கிருந்து அங்கே போகிறார்கள், வான் காசு கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைகள் அங்கிருந்து இங்கே வருகிறார்கள். நடுவில் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மிஞ்சுவது யார் என்று யோசித்துப் பாருங்கள். வான் காசு இல்லாத வீட்டுப் பிள்ளைகள். அந்தப் பாலத்தில் இரண்டு நிமிடத்தில் பார்த்ததை நான் எந்த அறிக்கையிலும் படித்ததில்லை.

அவளின் பள்ளிக்கூடத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று அதிபர் கேட்டுக்கொண்டார், எழுதவில்லை. இலங்கையில் பள்ளிக்கூடங்களை வகை பிரித்திருக்கிறார்கள்: உயர்தரத்தில் விஞ்ஞானம் இருந்தால் 1ஏபி, கலையும் வர்த்தகமும் மட்டும் என்றால் 1சி, சாதாரண தரம்வரை (11ஆம் வகுப்பு) என்றால் வகை 2, சின்ன வகுப்புகள் மட்டும் என்றால் வகை 3. இது வகை 2. வளவு கூட்டிச் சுத்தம், வேப்பமரம், நல்ல கட்டடம், பாடப் புத்தகம் எல்லாருக்கும் இருக்கிறது (அது 1980இலிருந்து இலவசம்), சீருடைத் துணியும் இந்த வருடம் வந்து தைத்தாகிவிட்டது. போய்ப் பார்க்காதவர்கள் கிராமத்துப் பள்ளிக்கூடம் என்றதும் கூரை இல்லாத கொட்டிலை நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இல்லாதது விஞ்ஞான ஆசிரியர். கலைப் பட்டதாரியான ஓர் அபிவிருத்தி உத்தியோகத்தர் தம்பி தானே இரவில் படித்துவிட்டு வந்து பத்தாம் வகுப்புக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறார். ஆங்கிலத்துக்கு வந்த ஆசிரியை பிள்ளை பெறப் போனார், பதிலுக்கு ஒருவரும் வரவில்லை. முதலாம் இரண்டாம் வகுப்பு ஒரே அறையில், ஒரே டீச்சர், கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்து வைத்திருக்கிறார்.

பன்னிரண்டரை மணிக்கு நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. கடைசி வாங்கில் இருந்த பிள்ளைகள் தாங்களாகவே எழுந்து, பையைத் தோளில் போட்டு, "போய்ட்டு வாறம் டீச்சர்" என்று வரிசையாக வெளியே போனார்கள். பள்ளிக்கூடம் விடுவது ஒன்றரைக்கு. நான் ஏதோ விசேஷமாக்கும் என்று நினைத்தேன். இல்லை, பஸ். உள் கிராமத்துக்குப் போகும் பஸ் 12.40க்கு. அடுத்தது நாலு மணிக்கு. நாலு மணி பஸ்ஸில் போனால் இறங்கி நடக்கும் இடத்தில் யானை வந்துவிடும். ஆகவே அந்தப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு நாளும் கடைசி இரண்டு பாடமும் கிடையாது. இதற்காகவே அதிபர் நேரசூசியை மாற்றி, கணிதம், தமிழ், விஞ்ஞானம் எல்லாவற்றையும் இடைவேளைக்கு முன் அடுக்கி, சித்திரமும் சங்கீதமும் உடற்கல்வியும் பின்னால் வைத்திருக்கிறார். அப்படியென்றால் அந்தப் பிள்ளைகள் பாட்டும் சித்திரமும் விளையாட்டும் இல்லாமலேயே பதினொராம் வகுப்புவரை வருகிறார்கள். டிப்போவுக்குச் சொல்லவில்லையா என்று கேட்டேன். "சொன்னம் மிஸ். வாயால சொன்னம்" என்றார்.

வளவின் பின்பக்கம் ஆசிரியர் விடுதி. இரண்டு அறை, குசினி, கிணறு பக்கத்திலேயே. கூரை சீற் பாதி உடைந்து உள்ளே புல் முளைத்திருக்கிறது. சிநேகிதி வாசலில் நின்று, "இதுக்குக் கூரையும் கரண்டும் இருந்தா திங்கள் வந்து வெள்ளி போவன். பின்னேரம் பிள்ளைகளுக்கு வகுப்பு வைக்கலாம்" என்றாள். அவள் ஒரு நாளில் ஸ்கூட்டியில் இருக்கும் நேரம் இரண்டு மணித்தியாலத்துக்குக் கிட்ட. மழைக்காலத்தில் வீதியில் தண்ணீர் நின்றால் அதைவிடக் கூட.

மதியம் பிள்ளைகளுக்குச் சோறு, பருப்பு, முட்டை, பொன்னாங்காணிச் சுண்டல். தாய்மார் தங்கள் வீட்டில் சமைத்துக் கொண்டுவருகிறார்கள், அரசாங்கக் காசு பிந்தித்தான் கைக்கு வரும், அதுவரை கடையில் கடன். அன்று சமைத்துக் கொண்டுவந்த அம்மா எனக்கும் ஒரு தட்டுப் போட்டார். "கொழும்புப் புள்ள, கொஞ்சமாத் தின்னாதீங்க."

திரும்பும் வழியில் கொக்கட்டிச்சோலையில் தேத்தண்ணிக் கடை. ரேடியோவில் அன்றைய வரவுசெலவுத் திட்டச் செய்தி. ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க வாசித்த முதலாவது வரவுசெலவுத் திட்டம் என்பதால் எல்லாரும் பேச்சை நிறுத்திக் கேட்டார்கள். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பிள்ளைகளின் மாதக் கொடுப்பனவு 750 ரூபாவிலிருந்து 1,500 ஆகிறது, பல்கலைக்கழகப் பிள்ளைகளின் மகாபொல உதவித்தொகை 5,000இலிருந்து 7,500. கடைக்காரர் சந்தோஷப்பட்டார், அவரின் அண்ணன் மகள் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். மூலையில் இருந்த ஒரு பெரியவர் மட்டும், "ஸ்கொலர்சிப் எடுத்த புள்ளைக்குக் கூட்டிக் குடுக்கிறான், நல்லம். எடுக்காத புள்ளைக்கு பஸ் விடுவானா?" என்று கேட்டார். அவர் ஏழாம் வகுப்போடு நிறுத்தியவராம். அன்று கேட்ட பேச்சுகளில் எனக்கு மனதில் நின்றது அதுதான்.

2025 பெப்ரவரி 18, செவ்வாய் – குருமண்வெளி, மண்டூர், வெல்லாவெளி

இன்று சிநேகிதி பள்ளிக்கூடம், நான் என் தம்பியின் மோட்டார் சைக்கிளில் தெற்கே. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு இன்னும் பாதைதான். இரும்புத் தட்டு மேடை, எஞ்சின், ஓரத்தில் கம்பி. மோட்டார் சைக்கிள்களை நெருக்கி அடுக்கி, இடையில் ஆட்கள். காலைப் பாதையில் ஏறினால் ஆசிரியர் கூட்டம் நடப்பது போலவே இருக்கிறது: யார் மாற்றம் கேட்டிருக்கிறார், யாருக்கு வந்துவிட்டது, எந்தப் பள்ளிக்கூடத்தில் யார் இல்லை, எல்லாம் அந்தப் பயணத்துக்குள் தெரிந்துவிடும். ஒரு டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டே வந்தார், காற்றுக்குப் பறக்காமல் பக்கத்து டீச்சர் பிடித்துக்கொண்டார். அதிகஷ்டப் பிரதேசத்தில் இத்தனை வருடம் என்று முடித்தால் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கலாம், எல்லாரும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வீட்டில் கைக்குழந்தையை விட்டுவிட்டு ஒவ்வொரு நாளும் வாவி கடக்கிறவர்கள்.

மண்டூர் முருகன் கோவிலில் கும்பிட்டேன். கதிர்காமம் மாதிரி வாய்கட்டிப் பூசை செய்யும் கோவில், காலையில் ஆள் இல்லாமல் குளிர்ச்சியாக இருந்தது.

வெல்லாவெளி தாண்டித் திக்கோடைப் பக்கம் போகும்போது பின் டயர் காற்றுப் போனது. இரண்டு பக்கமும் வெட்டிய வயல், கண்ணுக்கெட்டிய தூரம் கடை இல்லை. தம்பி வண்டியை உருட்டிக்கொண்டு போனான், நான் வீதியோர வீடொன்றின் வேலியைப் பிடித்து நின்றேன். உள்ளேயிருந்து ஓர் அம்மம்மா, "வெயிலுக்குள்ள ஏன் நிக்கிறீங்க புள்ள, உள்ளுக்கு வாங்க" என்று கதவைத் திறந்தார். யார், எவர் என்று கேட்பதற்கு முன் தேசிக்காய்த் தண்ணி வந்தது, பிறகு எருமைத் தயிரும் சீனியும்.

திண்ணையில் பேத்தி படித்துக்கொண்டிருந்தாள். பதினாறு வயது. மார்ச் 17ஆம் திகதி சாதாரண தரப் பரீட்சை தொடங்குகிறது. அன்று பள்ளிக்கூடம் போகவில்லை, முதல் நாள் இரவு யானை வந்து பக்கத்து வளவில் வாழையை முறித்துவிட்டுக் காட்டோரம் நிற்கிறது, விடியற்காலை சைக்கிளில் தனியே அனுப்ப அம்மம்மாவுக்குப் பயம். தாய் குவைத்தில். தாயின் கதையையும் அம்மம்மா சொன்னார். 2007இல் சண்டைக்கு இந்தப் பக்கம் முழுக்க இடம்பெயர்ந்து வாவி கடந்து முகாமுக்குப் போனபோது அவளுக்குப் பதினேழு வயது, உயர்தரம் தொடங்கிய வருடம். முகாமில் படிப்பு நின்றது, அடுத்த வருடம் கலியாணம். "அவட படிப்பு முகாமோட போச்சி. இவட படிப்பு ஆனையோட போகப்படா" என்றார் அம்மம்மா. பேத்தி தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள்.

அவளிடம் என்ன படிக்க விருப்பம் என்று கேட்டேன். வர்த்தகம், கணக்கியல். பக்கத்தில் இருப்பது கலைப்பிரிவு மட்டும். வர்த்தகம் படிக்க வேண்டுமென்றால் களுவாஞ்சிக்குடிப் பக்கம் வர வேண்டும், அதற்குப் பாதை, பஸ், அல்லது ஒரு வீட்டில் தங்க வேண்டும். சாதாரண தரம் சரிவராத பிள்ளைகளுக்கென்று 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வி, அந்தத் தொழிற்பிரிவும் தெரிவு செய்த பள்ளிக்கூடங்களில்தான். சட்டப்படி 1998இல் 5 வயதிலிருந்து 14 வயதுவரை கட்டாயக் கல்வி, 2016இல் அதை 16 ஆக்கினார்கள். இவளுக்குப் பதினாறு ஆகிவிட்டது. அதாவது பரீட்சை முடிந்து இவள் வீட்டில் இருந்துவிட்டால் ஏன் வரவில்லை என்று தேடிவரச் சட்டத்தில் ஆள் இல்லை.

பல்கலைக்கழக அனுமதியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் நாடளாவிய திறமை, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படி, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பதினாறுக்குள் இருக்கின்றன. கொழும்பில் என் அலுவலக நண்பர்கள் சிலர் உங்களுக்குத்தானே சலுகை என்பார்கள். அந்தச் சலுகை நியாயமானது, வேண்டும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மாவட்டம் என்ற ஒரே கணக்கில் நகரத்துப் பெரிய கல்லூரிப் பிள்ளையும் திக்கோடைப் பிள்ளையும் ஒன்றாகப் போட்டியிடுகிறார்கள். நகரத்துப் பிள்ளைக்கு ஒழுங்கைக்கு ஒழுங்கை ரியூசன், இவளுக்கு யானை போகும்வரை திண்ணை. மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் போகிறவர்களின் பட்டியலை மாவட்டமாகப் பார்த்தால் நன்றாகத் தெரியும், மாவட்டத்துக்குள் கல்விக் கோட்டம் கோட்டமாகப் பிரித்துப் பார்த்தால்தான் யாருக்கு அந்த இடம் போகிறது என்று விளங்கும்.

தம்பி ஒன்றரை மணித்தியாலம் கழித்து வந்தான். பஞ்சர் ஒட்ட 300 ரூபா, ரியூப் வேறு. புறப்படும்போது அம்மம்மா ஒரு சட்டித் தயிரைப் பையில் வைத்துக் கட்டித் தந்தார், காசு நீட்டியதற்குக் கோபம் வந்துவிட்டது.

2025 பெப்ரவரி 19, புதன் – காரைதீவு, அக்கரைப்பற்று, தங்கவேலாயுதபுரம்

விடிய பஸ்ஸில் கல்முனை, அங்கிருந்து காரைதீவு. விபுலானந்த அடிகள் 1892இல் பிறந்த ஊர். சந்தியிலிருந்து சம்மாந்துறைக்குத் திரும்பும் வீதிதான் மாவடிப்பள்ளி வீதி. 2024 நவம்பர் 26ஆம் திகதி பெருவெள்ளத்தில், மத்ரசாவிலிருந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகளை ஏற்றிய உழவு இயந்திரம் அந்த வீதியில் புரண்டு பிள்ளைகள் உயிரிழந்தார்கள். நான் போன அன்று தண்ணீர் வடிந்து இரண்டு பக்கமும் பச்சை, கொக்கு நிற்கிறது. படிக்கப் போன பிள்ளை வீடு வந்து சேரும் வீதி கல்விக் கொள்கைக்குள் வராதா? அமைச்சுகள் வேறு வேறாக இருக்கலாம், பிள்ளை ஒன்றுதானே.

அக்கரைப்பற்றில் மதியச் சாப்பாடு, பாரை மீன், கீரை, சம்பல், 400 ரூபா. கடைக்காரரான முஸ்லிம் நானா, நான் எங்கே போகிறேன் என்று கேட்டுவிட்டு, தன் மகன் கல்லூரியில் படித்த பழைய உயர்தரக் குறிப்புக் கொப்பிகளை வீட்டிலிருந்து ஆள் அனுப்பி எடுத்துத் தந்தார். "தமிழ்ப் புள்ளயள் எண்டா என்ன, எங்கட புள்ளயள் எண்டா என்ன, ரெண்டும் ஒரே மொழியிலதானே எழுதுதுகள்" என்றார். ஒன்பது கொப்பிகள், அட்டை போட்டு, பெயர் எழுதி.

திருக்கோவிலிலிருந்து ஓட்டோ. 2,500 ரூபா கேட்டார், வீதியைப் பார்த்த பிறகு பேரம் பேச மனம் வரவில்லை. தங்கவேலாயுதபுரம், கஞ்சிகுடிச்சாறு, சண்டைக்காலத்தில் இடம்பெயர்ந்து திரும்பி வந்த ஊர்கள். காலையில் பிள்ளைகளைக் கூட்டமாகச் சேர்த்து, முன்னால் ஒரு தகப்பன், கையில் ஆனை வெடி, அப்படித்தான் பள்ளிக்கூடம் வருகிறார்கள். தகப்பன்மார் முறை போட்டிருக்கிறார்கள், அதற்கு ஒரு கொப்பியும் வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பக்கத்தில் நான் போன பள்ளிக்கூடம் திங்கள் பார்த்ததைவிடச் சின்னது. கட்டடம் பழையது, கணினி இரண்டில் ஒன்று வேலை செய்யாது. ஆனால் விடுதிக்குக் கூரை இருக்கிறது. ஊரார் சிரமதானத்தில் சுவர் பூசி, ஓடாவி ஒருவர் கூலி வாங்காமல் கதவு போட்டு, வெளிநாட்டில் இருக்கும் ஊர்ப்பிள்ளைகள் சீற்றுக்குக் காசு அனுப்பி, கிணற்றைச் சுற்றித் தட்டி கட்டி, மூன்று பெண் ஆசிரியர்கள் திங்கள் முதல் வெள்ளி வரை தங்குகிறார்கள். பின்னேரம் நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை வகுப்பு, காசு இல்லை. இரவுச் சாப்பாடு ஊரில் முறை வைத்து வருகிறது. மாற்றம் வந்த ஒரு டீச்சர் அதை ஒரு வருடம் தள்ளிப்போடச் சொல்லித் தானே எழுதிக் கொடுத்திருக்கிறார். ஏன் என்று கேட்டேன். "எட்டாம் வகுப்பில எடுத்த பிள்ளைகள் இப்ப பதினொண்டு. இடையில விட்டுட்டுப் போக மனமில்ல" என்றார்.

அதிபர் வரவுப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். விடுதி திருத்துவதற்கு முந்திய வருடத்தில் ஆசிரியர் வரவுப் பக்கத்தில் சிவப்பு மையில் நிறையக் கோடுகள், அதற்குப் பிறகு மிகக் குறைவு. நான் நின்று இரண்டு வருடப் பக்கங்களையும் புரட்டிப் பார்த்தேன். ஆசிரியர்களை நியமிப்பதற்கு வருடா வருடம் போராட்டம் நடக்கிறது, நியமித்த ஆசிரியரைத் தங்கவைக்க யார் போராடுகிறார்கள்? 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு மாகாணத்துக்கு வந்த பள்ளிக்கூடங்கள் இவை. தேசியப் பாடசாலைக்கு கொழும்பு, இவற்றுக்கு மாகாணசபை, கடைசியில் விடுதிக் கூரைக்கு ஊரார்.

திரும்பி வரும்போது மழை தூறியது. ஓட்டோ அண்ணன் 2,500இல் 500ஐத் திருப்பித் தந்தார், கொப்பிகள் கொண்டுவந்து கொடுத்ததற்காக.

2025 பெப்ரவரி 20, வியாழன் – மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு

காலை எழுந்ததும் செய்தி: விடியப்புறம் கல்ஓயாப் பக்கம் மட்டக்களப்பு–கொழும்பு மீனகயா ரயில் யானைக் கூட்டத்தில் மோதித் தடம் புரண்டிருக்கிறது. ஆறு யானைகள் செத்துவிட்டன. குட்டிகளும் உண்டு என்றார்கள். எனக்கு அன்றிரவு ரயிலில் இருக்கை இருந்தது. நிலையத்துக்குப் போனேன், ரயில் ஓடுமா என்று ஒருவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. காசைத் திரும்ப வாங்கிக்கொண்டு இரவு பஸ்ஸுக்குப் பதிந்தேன், ரயிலுக்குக் கொடுத்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல். நான்கு நாட்களாக யானைக்குப் பயந்த பிள்ளைகளைப் பார்த்துவிட்டு இந்தச் செய்தியைக் கேட்க மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. காடு குறைந்துபோய் அவையும் போக இடமில்லாமல்தானே அலைகின்றன.

பகல் முழுக்க நேரம் கிடைத்ததால் சிநேகிதியின் பள்ளிக்கூடத்துக்கு மறுபடி போனேன். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் ஏழெட்டுத் தாய்மார், இரண்டு தகப்பன்மார், அதிபர், எல்லாரும் வேப்பமரத்தடியில். தங்கவேலாயுதபுரத்தில் பார்த்ததைச் சொன்னேன். விடுதியைப் பற்றிச் சொன்னதும் பேச்சு மாறிவிட்டது. ஒருவர் ஓடாவி, எழுந்து போய் விடுதியைச் சுற்றி அளந்துவிட்டு வந்து சீற், மரம், கம்பி எல்லாம் இரண்டரை இலட்சத்துக்குள் முடியும் என்றார். சாப்பாடு சமைக்கும் அந்த அம்மா, டீச்சர்மார் தங்கினால் இரவுச் சாப்பாட்டுக்கு ஊர் பொறுப்பு என்றார். பஸ்ஸைப் பற்றி இதுவரை எழுத்தில் ஒன்றும் கொடுக்கவில்லை என்பதால் எழுதலாம் என்று முடிவானது. எந்தெந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள் 12.40 பஸ்ஸுக்குப் போகிறார்கள் என்று சிநேகிதி வகுப்பு வகுப்பாக எடுத்த கணக்கு இருந்தது, முப்பத்தொரு பிள்ளைகள்.

பஸ் வெலிக்கந்தையில் தேத்தண்ணிக்கு நின்றபோது அந்தக் கடிதங்களைத் தொலைபேசியில் தட்டி முடித்து அதிபருக்கு அனுப்பினேன். இரண்டு கடிதங்கள். ஒன்று டிப்போவுக்கு, 12.40 பஸ்ஸைப் பாடசாலை நாட்களில் 1.45 ஆக்கித் தரும்படி, முப்பத்தொரு பிள்ளைகளின் வகுப்பும் ஊரும் சேர்த்து. மற்றது வலயக் கல்வி அலுவலகத்துக்கு, விடுதித் திருத்தத்துக்கு அனுமதியும் மின் இணைப்பும் கேட்டு, கூரைச் செலவை ஊரும் வெளியூரில் இருக்கும் நாங்களும் பார்த்துக்கொள்கிறோம் என்று. திங்கட்கிழமை பெற்றோர் கையொப்பத்தோடு அதிபரும் சங்கச் செயலாளரும் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். பதில் என்ன வருகிறதென்று இங்கேயே எழுதுகிறேன்.